காற்றின் பெயர்களும் இலக்கியப் பொருளும்

தமிழிற் காற்றைக் குறிக்குஞ் சொற்கள் பல. கால், காற்று, வளி, ஊதை, வாடை, வடந்தை, தென்றல், கோடை, கொண்டல், சூறை எனப் பழைய நூல்களில் வழங்குவனவும், வாயு, மாருதம், பவனம், அநிலம் என வடமொழியிலிருந்து வந்து கலந்தனவும் நிகண்டுகளில் நிரல்பட வைக்கப்பட்டுள்ளன. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை மனனஞ் செய்தற்கு எளிதாக ஓரிடத்திற் சேர்த்துத் தருதல் நிகண்டின் தொழில். அத்தொழிலை அது செவ்வனே செய்தது. திசைக்காற்றுக்களை வேறாக வகுத்துக் காட்டும் இடமும் நிகண்டுகளில் உண்டு. அதனை மறந்தவர் கற்போரே. ஒரு நிரலில் நின்ற சொற்களெல்லாம் ஒரே பொருளன என்னும் எண்ணத்தோடு செய்யுளை அணுகுவதால், வாடை என்ற சொல்லுக்குக் ‘குளிர்காற்று’ என்றும், தென்றல் என்றதற்கு ‘இளங்காற்று’ என்றும், கோடை என்றதற்கு ‘வெப்பம்’ என்றும் எழுதிவிட்டு அப்பாற் செல்லுங் குறிப்புரைகள் மலிந்துவிட்டன. மாணவன் அவற்றை நெட்டுருச் செய்து புள்ளி பெறுகிறான், செய்யுளை இழந்துவிடுகிறான்.

இவ்விழப்புச் சிறிதன்று. பழந்தமிழ்ப் புலவர் ஒரு காற்றைப் பெயர் சொல்லி அழைக்கும்போது, முதற்கண் அது வருந் திசையையும், அடுத்து அது வருங் காலத்தையுமே கருதினர். குளிர்ச்சி, வெம்மை, மென்மை என்பன அவ்விரண்டினாலும் விளையும் பண்புகள். குறிப்புரையாளரோ விளைவை மாத்திரம் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிடுகின்றனர். திசையை விட்ட மாத்திரத்தே செய்யுளின் கட்டுக்கோப்புத் தளர்ந்துபோதலைச் சில நூல்களைக் கொண்டு காணலாம். அதன் முன்னர்ப் பொதுச் சொற்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும்.

காற்று என்பது கால் என்னும் பழஞ்சொல்லின் வழிவந்தது. கால் என்பதற்கோ பொருள் பல: உறுப்பு, தூண், சில்லு, வாய்க்கால், நான்கிலொரு பங்கு, பொழுது, காற்று. இத்தனை சுமையை ஒரு சொல் நெடுங்காலம் தாங்குதல் அரிது. ஆதலாற்போலும் காற்று என்னும் நீண்ட வடிவம் அப்பொருளுக்கெனத் தனியே நிலைத்தது. வளி என்னுஞ் சொல்லுக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. தொல்காப்பியர் அதனைப் பூதத்தின் பெயர் என்று எழுத்ததிகாரத்திற் குறித்துப் புணர்ச்சி விதி கூறுவர். மரபியலில் உலகம் ஐம்பூதங்களின் கலப்பு என்னுமிடத்தும் அச்சொல்லையே ஆள்வர். பிறப்பியலில் எழுத்தொலி பிறக்குமாறு கூறுமிடத்து உந்தியிலிருந்து எழுவதும் வளியே. உலகை ஆக்கும் பூதமும், ஒருவன் வாயிலிருந்து சொல்லாய் வெளிப்படும் மூச்சும் அவருக்கு ஒரே சொல்லிற் கூறத்தக்கனவாயின. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் நிலத்துக்கு ஐந்து, நீருக்கு நான்கு, தீக்கு மூன்று எனப் பண்புகளை எண்ணி வரும்போது காற்றுக்கு இரண்டு கொடுப்பர். அவை ஓசையும் ஊறும் என்பர் உரையாளர். கேட்கவும் தீண்டவும் படுவது, காணப்படாதது என்பது இதனாற் பெறப்படும். பூதத் தலங்களுள் வாயுத் தலமாகிய திருக்காளத்தியிற் கருவறையுள் அசையும் விளக்கொன்றையே காற்றுக்கு அடையாளமாகக் காட்டுவர். காணப்படாததைக் காட்டச் சுடரைத் துணைக்கொள்ளும் இம்முறை பின்னரும் கருதப்படும்.

திருக்குறளில் வளி என்னுஞ் சொல் முப்பாலிலும் வருகிறது. அறத்துப்பாலில் அருளுடைமை அதிகாரத்தே (245) அது உலகெங்கும் இயங்கி உயிர்களை நிலைபெறச் செய்யும் காற்று. பொருட்பாலில் மருந்து அதிகாரத்தே (941) அது உடலினுள் மிகினும் குறையினும் நோய் செய்யும் மூன்றனுள் முதலாவதாகிய வாதம். காமத்துப்பாலிற் புணர்ச்சி மகிழ்தல் அதிகாரத்தே (1108) அது தழுவிய இருவரிடையே நுழைய இடம் பெறாது நிற்பது. உலகளவாக விரிந்த சொல் உடலளவாகச் சுருங்கி, ஈற்றில் இருவரிடையே நூலிழை அளவும் இடமின்றிப் போவது வள்ளுவர் திட்டமிட்டு அமைத்தது என்று கூறுதற்குச் சான்றில்லை. ஆயினும் மூவிடத்தும் ‘காற்று’ என்றே பொருளெழுதி முடிப்பவர், வள்ளுவர் சொல்லை எவ்வளவு நீட்டியும் சுருக்கியும் ஆண்டார் என்பதைக் காட்டாது விடுகின்றனர்.

இலங்கைப் பாடநூல்களில் இச்சொற்கள் மூன்று பணிகளுக்கெனப் பகுக்கப்பட்டுள்ளன. வளி என்பது சூழ நிற்பது. காற்று என்பது அசைவது. வாயு என்பது விஞ்ஞானங் கூறும் மூன்று நிலைகளுள் ஒன்று. வளிமண்டலவியல் திணைக்களம் என்ற பெயரும் இவ்வழிப் பிறந்ததே. தமிழகத்தில் ‘காற்று மாசு’ எனப்படுவது இங்கே ‘வளி மாசடைதல்’ எனப்படும். கலைச்சொல் என்ற வகையில் இது நல்ல பகுப்பே. இரு பொருளுக்கு இரு சொல் கிடைத்தது. ஆயின் இதே பகுப்பைப் பழைய நூலுக்குள் கொண்டு செல்லுதல் தவறு. புறநானூற்றின் இரண்டாஞ் செய்யுளில் வளி வானத்தைத் தடவிச் செல்வது; அங்கே அது அசையாப் பொருளன்று. விஞ்ஞான வகுப்பிற் கற்ற வளியை இலக்கிய வகுப்பிலும் எதிர்பார்க்கும் மாணவனுக்கு இவ்வேறுபாட்டை ஆசிரியரே உணர்த்த வேண்டும்.

புயல் என்ற சொல்லின் கதை இதனினும் கொடிது. வான்சிறப்பு அதிகாரத்தின் 14ஆம் குறளிற் புயல் என்பது மழை. அவ்வருவாய் குன்றினால் உழவர் ஏர் பூட்டார் என்பது கருத்து. இன்று புயல் என்றாற் கூரையைப் பெயர்க்குங் கடுங்காற்று என்பதே எவர் மனத்திலும் எழும். 1964ஆம் ஆண்டு மார்கழியில் வடபகுதியையும் தனுட்கோடியையும் தாக்கியதையும், 1978ஆம் ஆண்டு கார்த்திகையில் மட்டக்களப்பை அழித்ததையும் அறிந்த மண்ணிற் புயல் குறைந்தால் உழவர் வருந்துவர் என்று படிக்கும் பிள்ளை திகைப்பது இயல்பு. இலங்கையிற் சூறாவளி என்னுஞ் சொல் பெரிதும் வழங்குதலால் திகைப்பு ஓரளவு குறையும், அவ்வளவே.

இனி, ஒரு பொதுச் சொல்லைப் பற்றியே உரைகாரர் கொண்ட பொருளும் பிற்காலத்தார் கொண்ட பொருளும் முற்றும் மாறுபடும் இடமொன்றை நோக்கலாம். வெண்ணிக்குயத்தியார் கரிகால் வளவனைப் பாடிய புறநானூற்று 66ஆஞ் செய்யுள் அது. அவன் முன்னோன் ஒருவன் கடலில் மரக்கலம் செலுத்திக் காற்றின் தொழிலை ஆண்டவன் என்று புலவர் தொடங்குகிறார். புறநானூற்றின் பழைய உரைகாரர் இதற்குக் கூறுவது: போர்மேற் சென்றபோது காற்றின்மையால் மரக்கலம் ஓடாது நின்றது; அம்முன்னோன் வளிச்செல்வனை, அதாவது காற்றுத் தெய்வத்தை, அழைத்து ஏவல் கொண்டான். 1894இல் உ. வே. சாமிநாதையர் நூலை உரையுடன் பதிப்பித்த பின்னர் இதனைப் படித்த வரலாற்றாசிரியர்க்கு இத்தெய்வக் கதை வேண்டியதாயில்லை. பருவக்காற்றின் போக்கை அறிந்து கலஞ் செலுத்தும் வித்தையே இங்குக் குறிக்கப்படுகிறது என்றனர். பருவக்காற்று வழியைக் கண்டவன் கிப்பலசு என்னும் மாலுமி எனக் கிரேக்க மொழியிலமைந்த ‘பெரிப்புளூசு’ என்னும் முதலாம் நூற்றாண்டுக் கடல் வழிநூல் கூறுதலால், அவனுக்கு முன்னரே சோழன் அதனைக் கண்டான் என்று பெருமிதங் கொண்டோரும் உளர்.

இரு சாராரும் செய்யுளிலுள்ளதற்கு மேலாகச் செல்கின்றனர். செய்யுளிலே தெய்வம் இல்லை. போருக்கு அங்கே காற்று நின்றுபோயிற்று என்ற செய்தியும் இல்லை. அவை உரைகாரர் தம் காலத்து மரபிலிருந்து கொணர்ந்தவை. அவ்வாறே, யார் முதலிற் கண்டார் என்ற போட்டியும் செய்யுளில் இல்லை. ஒரு முன்னோனைப் புகழும் அடை ஒன்றைக் கொண்டு காலவரையறை செய்தல் இயலாது. உள்ளது ஒன்றே: காற்றுக்குத் ‘தொழில்’ உண்டு என்னுங் கருத்து. தொழில் என்பது ஒழுங்குடையது, மீண்டும் மீண்டும் நிகழ்வது, அறிந்தவனுக்குப் பயன்படுவது. தெய்வத்தை ஏவல் கொண்டான் என்றால் அரசனின் ஆற்றல் பெரிதாகும். தொழிலை ஆண்டான் என்றால் அவன் அறிவு பெரிதாகும். வெண்ணிப் போரில் வென்றவனை விடப் புறப்புண் நாணி வடக்கிருந்து உயிர் நீத்தவன் நல்லன் என்று அவ்வென்றவன் முகத்தெதிரே கூறப்போகின்ற புலவர், தொடக்கத்திற் கொடுக்கும் புகழை அளந்தே கொடுத்திருப்பார். இரண்டாவது பொருளே அவர்க்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. அளவுகடந்த புகழின் பின் அத்தகைய இடித்துரை நில்லாது.

திசைக்காற்றுக்களுள் வாடை முதலில் வைக்கத்தக்கது. ஒரு பாட்டுக்கே அது பெயராயிற்று. பத்துப்பாட்டினுள் 188 அடிகளாலாகிய நெடுநல்வாடையை நக்கீரர் பாடினார். பெயரிலுள்ள இரண்டு அடைகளும் இருவர்க்கு உரியன என்று நச்சினார்க்கினியர் பிரித்துக் காட்டிய திறம் போற்றத்தக்கது. தலைவனைப் பிரிந்து அரண்மனையில் வருந்தும் அரசிக்கு ஒரு பொழுது ஓர் ஊழிபோலத் தோன்றுதலின் அது நெடியது. இன்ப நுகர்ச்சியை நினையாது பாசறையிற் கடமை மேற்கொண்ட அரசனுக்கு அது நல்லது. ஒரே காற்று, இரண்டு இடம், இரண்டு பெயர். இவ்விளக்கத்தைப் பெரும்பாலான குறிப்புரைகள் எடுத்தாளுகின்றன. ஆயின் வாடை என்பதற்குக் குளிர்காற்று எனப் பொருளெழுதிய பின் இவ்விளக்கத்தை எழுதுவதாற் பயனில்லை. குளிரென்பதே கருத்தாயின் அரண்மனைக் குளிரும் பாசறைக் குளிரும் வெவ்வேறு குளிர்களாகவே இருக்கலாம். இரண்டிடத்தையும் ஒரு காற்றாற் கட்டுவது அதன் திசை.

நக்கீரர் இதனை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகிறார் என்பதை இரண்டு இடங்களிற் காணலாம். முதலாவது நகரம். கூதிர்க்காலம் வந்துவிட்டது, ஒடுங்கிய வாயையுடைய கலத்துத் தண்ணீரை எவரும் பருகுவாரில்லை, அகன்ற வாயையுடைய தடாவில் நெருப்பிட்டுக் குளிர்காய்கின்றனர். வேனிலிற் பயன்பட்ட வட்ட விசிறி சுருக்கித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அதிற் சிலந்தி நூல் இழைத்துவிட்டது. மேல்மாடத்து வேனிற்பள்ளியிலே தென்திசைக் காற்றைக் கொணரும் பலகணியின் கதவுகள் தாழிடப்பட்டுக் கிடக்கின்றன. வாடையைக் கூறவந்த புலவர் அதன் எதிர்த்திசைக் காற்றுக்கென அமைத்த வழி அடைபட்டுக் கிடத்தலைக் கூறுகிறார். ஒரு வீட்டில் எந்தப் பலகணி எந்தக் காற்றுக்கு உரியது என்று அறிந்து கட்டிய மக்களைப் பற்றிய செய்தி இது. வாடை குளிர்காற்று, தென்வளி இளங்காற்று என்று படிப்பவனுக்கு அங்கே ஒரு மூடிய பலகணி மட்டுந்தான் தெரியும். வடக்கும் தெற்கும் என்று படிப்பவனுக்கு ஆண்டின் இரு பாதிகளும் அம்மாடத்தில் தெரியும்.

இரண்டாவது பாசறை. நள்ளிரவு. அரசன் உறங்காது புண்பட்ட வீரரைக் காண வெளியே வருகிறான். வேம்பு சூட்டிய வேலோடு ஒருவன் முன்னே சென்று அவர்களைக் காட்டுகிறான். வடந்தையாகிய தண்ணிய காற்று வீசுந்தோறும் பாண்டில் விளக்குக்களின் பருத்த சுடர்கள் அசைந்து தெற்குப் பக்கமாகத் தலை சாய்கின்றன. திசையின் பெயரைப் புலவரே கூறிவிட்டார். உரைகாரர் ஊகித்துக் கூறியதன்று. காற்று வடக்கிலிருந்து வருகிறதாதலின் சுடர் தெற்கே சாயவேண்டும், சாய்கிறது. கண்ணாற் கண்டவர்க்கே இவ்வாறு எழுதத் தோன்றும். காணப்படாத பொருளாகிய காற்றைக் காட்டச் சுடரைத் துணைக்கொண்டமை திருக்காளத்தி விளக்கை நினைவூட்டுவது. ஆயின் அங்கே காற்று உண்டு என்பதே செய்தி, இங்கே காற்று எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதும் செய்தியாயிற்று. குறிப்புரையில் வடந்தை என்பதற்கும் குளிர்காற்று என்றே பொருளெழுதப்படுமாயின் சுடர் ஏன் தெற்கே சாய்ந்தது என்ற வினாவே மாணவனுக்கு எழாது.

இப்பாட்டின் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்பது மரபு. தலையாலங்கானம் சோழநாட்டிலுள்ளது; மதுரையோ அதற்குத் தெற்கே இருப்பது. பாசறை வடபுலத்தது எனக் கொண்டால் அச்சுடர்கள் அரசி இருக்கும் பக்கமாகவே சாய்கின்றன என்று கூறத் தோன்றும். பாசறை இருந்த இடத்தை நூல் கூறாமையால் அதனை வற்புறுத்துதல் ஆகாது. வற்புறுத்தாமலே சுவைக்கத்தக்கது அது.

தென்றலுக்கு இளங்கோவடிகளிடம் செல்லவேண்டும். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரிலிருந்து தெற்கு நோக்கி, வெயிலுக்கு அஞ்சி இரவில் வழிநடந்து வருகின்றனர். புறஞ்சேரியிறுத்த காதையிற் கோவலன் பாணர் சிலரோடு கலந்து யாழிசைத்த பின்னர், மதுரை இன்னும் எத்தனை காதம் என்று வினவுகிறான். பாணர் காதக் கணக்குக் கூறவில்லை. மதுரைத் தென்றல் வந்துவிட்டது என்கின்றனர். அகிற்சாந்து, குங்குமம், கத்தூரிக் குழம்பு, கழுநீரும் மல்லிகையுமாகிய மலர்கள், அட்டிற் புகை, அங்காடியில் மோதகஞ் சுடுங் கூவியரின் புகை, மாடங்களில் எடுத்த நறும்புகை, வேள்விப் புகை என அதனுட் கலந்தனவற்றை ஒவ்வொன்றாக எண்ணுகின்றனர். புலவர் நாவிற் பயின்ற பொதியிற் றென்றல் போன்றதன்று இது என்று பிரித்தும் கூறுகின்றனர்.

இப்பகுதியை நகரச் சிறப்பென்றும் உயர்வு நவிற்சியென்றும் கூறி நிறுத்துவது வழக்கம். கோவலன் கேட்டது தூரம். பாணர் கொடுத்தது தூரத்துக்குரிய விடையே. வடக்கிலிருந்து வருவோர்க்கு மதுரை தெற்கே உள்ளது. எனவே தெற்கிலிருந்து வருங் காற்றே அந்நகரின் மணத்தைச் சுமந்துவர முடியும். வேறெந்தக் காற்றைச் சொல்லியிருந்தாலும் விடை பொய்யாகும். காலமும் பொருந்துகிறது: மதுரை எரியுண்டது ஆடித் திங்களில் என்று நூலே பின்னர்க் கூறுதலால், அவர்கள் நகரை அணுகியது அதற்குச் சற்று முந்திய நாட்களில் ஆதல் வேண்டும். அது தென்புறக் காற்று வீசும் பருவமே. இளங்கோ இங்கே செய்த மற்றொன்று இன்னும் பெரிது. பொதியிலில் தோன்றிச் சந்தன மணத்தோடு உலவும் தென்றல் அன்றே புலவர் மரபாகிவிட்டது என்பதும், அம்மரபுக் காற்றை விலக்கிவிட்டு அடுப்புப் புகை கலந்த ஊர்க்காற்றை அவர் வேண்டுமென்றே தேர்ந்துகொண்டார் என்பதும் அவர் வாக்கிலிருந்தே தெரிகின்றன. எந்த ஊர்த் தென்றல் என்று கேட்ட முதற் புலவர் அவர் எனினும் பொருந்தும்.

கோடை என்னுஞ் சொல் இன்று வேனிற்காலத்தின் பெயராகவே நின்றுவிட்டது. பழைய நூல்களில் அது மேல்காற்று. அகநானூற்று 82ஆஞ் செய்யுளிற் கபிலர் மலைச்சாரலில் ஓர் ஆடலரங்கையே அமைக்கிறார். அசையும் மூங்கிலில் துளைகள் விழுந்திருக்கின்றன; அவற்றினூடே கோடைக்காற்றுப் புகுந்து குழலிசை எழுப்புகிறது; அருவி முழவாகிறது; கலைமான் குரல் தூம்பாகிறது; வண்டு யாழாகிறது; மந்திகள் வியந்து பார்க்க மயில் ஆடுகிறது. கோடை என்பதற்கு வெப்பம் என்று பொருளெழுதினால் இவ்வரங்கு சரிந்துவிடும். வெப்பத்தில் வற்றிய மலையில் அருவி முழங்குவது எவ்வாறு? மேல்காற்று என்று கொண்டால் எல்லாம் ஒருங்கிசையும். ஆனி ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வரும் அக்காற்றோடுதான் குற்றாலத்தில் அருவி பெருகுகிறது. பாலைப் பாட்டுக்களில் அதே கோடை உலர்ந்த காட்டினைச் சுட்டெரிப்பதாக வருவதும் உண்மையே. காற்று ஒன்று, மலையின் எந்தப் புறத்தே, எந்த மாதத்தே என்பதைப் பொறுத்துப் பண்பு மாறுகிறது. பண்பையே பெயரின் பொருளாகக் கொள்வோர் இவ்விரண்டனுள் ஒன்றைப் பிழையென்று தள்ள நேரும்.

பிற்காலத்தில் நேர்ந்தது யாதெனிற் பெயர்கள் நிலைத்தன, திசைகள் உதிர்ந்தன. திருநாவுக்கரசர் நீற்றறையினுள் இருந்து பாடியதாகச் சேக்கிழார் கூறும் பதிகத்திலே தென்றலும் இளவேனிலும் அடுத்தடுத்து நிற்கின்றன; காலமறிந்து வைத்த சொல் அது, வெந்த நீற்றின் நடுவே நினைக்கப்படுதலாற் பன்மடங்கு குளிர்வது. பிரபந்தங்களிலோ தென்றல் மன்மதனுக்குத் தேராகி, எக்காலத்தும் எவ்வூரிலும் பிரிந்தாரை வருத்தப் புறப்பட்டுவிடுகிறது. மாதமும் இல்லை, மலையும் இல்லை. தமிழகத்திலாயினும் பொதியில் உண்டு. ஈழத்துச் செய்யுட்களில் அது புகுந்தபோது நிலை இன்னும் விந்தையாயிற்று.

ஈழத்துக் கடலோடிகளும் கமக்காரரும் நான்கு காற்றுக்கு நான்கு பெயர் வைத்திருக்கின்றனர்: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். கொண்டலும் வாடையும் சங்கச் சொற்களே, பொருளும் மாறவில்லை. முகிலைக் குறிக்கும் கொண்டல் என்னுஞ் சொல் முகிலைக் கொணருங் கீழ்காற்றுக்கும் ஆதல் பழைய வழக்கு. சோளகமும் கச்சானும் பாடநூல்களில் இடம் பெறாதவை. வைகாசி தொடங்கி ஆவணி வரை யாழ்ப்பாணத்தில் வீசுவது சோளகம். தென்மேற்கிலிருந்து எழுந்து, சுமந்த மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக வந்து கடனீரேரியைக் கடக்கும் அது, ஒழுங்கையிற் புழுதியை எழுப்பும். பனையோலையை இரவெல்லாம் சலசலக்க வைக்கும். பனம்பழம் விழுங் காலமும் அதுவே. அக்காலத்தே வடகரைக் கடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கியதும் கொந்தளிக்கும். மட்டக்களப்பிலோ அதே மாதங்களில் மேற்கே மலைகளிலிருந்து இறங்கி வயல்வெளிகளைக் கடந்து வரும் வெங்காற்றுக் கச்சான் எனப்படும். (கச்சான் என்றவுடன் கடைத்தெருவில் வறுத்து விற்கும் நிலக்கடலையை நினைப்போர் பலராதலின், காற்றுக்கு அப்பெயருண்டு என்பதையே நகர்ப்புறப் பிள்ளைகள் அறியாதிருத்தல் வியப்பன்று.)

இந்நாட்டிற் செய்யுள் இயற்றுவோர் ஆனி மாதத்து மாலையைப் பாடும்போதும் தென்றல் தவழ்ந்தது என்றே எழுதுகின்றனர். தவழ்வது எங்கே? வேலி படலையை ஆட்டிக்கொண்டு வருங் காற்று அது. இளங்கோவின் பாணர் மதுரைத் தென்றலைப் பொதியிற் றென்றலிலிருந்து பிரித்த அதே மாதங்களில், அதே பெருங்காற்றின் ஒரு கையாகவே சோளகம் யாழ்ப்பாணத்தை அடைகிறது. அவர் மோதகப் புகையைச் சேர்த்துத் தம் ஊர்க்காற்றாக்கியவாறு, பனங்காய் விழும் ஓசையையும் ஒழுங்கைப் புழுதியையும் சேர்த்து இதனைத் தம்மூர்க் காற்றாக்க எவரும் அஞ்ச வேண்டியதில்லை. சோளகம் இலக்கியச் சொல்லன்று என்பர் சிலர். வாடையும் கோடையும் முதலிற் பாட்டிற் புகுந்த நாளில் அவையும் மாடு மேய்ப்போர் வாயிலும் வலைஞர் வாயிலும் கிடந்த சொற்களாகவே இருந்திருக்கும்.

உரைநடையில் இவ்வஞ்சாமை முன்னரே தோன்றிவிட்டது. புவியியல் கற்றவரான செங்கை ஆழியான் 1973இல் வெளியிட்ட ‘வாடைக்காற்று’ என்னும் நாவல் 1978இல் திரைப்படமாகவும் வந்தது. நெடுந்தீவைக் களமாகக் கொண்ட அந்நூலில் வாடை ஒரு பருவம். அப்பருவத்தோடு தீவுக்கு வந்து சேர்வோர் உளர், அது நீங்கும்போது நீங்குவோரும் உளர். கூதிர்ப் பறவைகளின் வரவும் அதனோடே. நக்கீரரின் வாடை பிரிந்திருந்த இருவரையும் தனித்தனியே தீண்டியது. இந்நாவலின் வாடையோ அயலவரை ஒரு கரையிற் கொணர்ந்து சேர்த்து அதனாலே துன்பம் விளைக்கிறது. காதற்கதை என்ற அளவிற் சில இடங்களில் நூல் நெகிழ்கின்றது, உணர்ச்சி மிகைப்படுகிறது. ஆயினும் காற்றின் பெயரைத் தலைப்பாகக் கொண்டதற்குரிய கடனை அது தீர்த்துவிட்டது: அக்காற்றை அகற்றிவிட்டாற் கதை நிகழாது. நெடுநல்வாடைக்குப் பின்னர் இத்தகுதியோடு வாடை என்னும் பெயரைத் தாங்கிய நூல்கள் பலவல்ல.

ஈழத்து மாணவர்க்கென நெடுநல்வாடைக்குக் குறிப்பெழுதப் புகுவோர் வாடை என்பதன் எதிரே, ‘வடக்கிலிருந்து வருவது, மாரிகாலத்தது, வடகரையிற் கடலைக் கொந்தளிக்கச் செய்வது’ என எழுதலாம். கோடை என்பதன் எதிரே, ‘மேல்காற்று, மட்டக்களப்பிற் கச்சான்’ என்பது போதும். வினாத்தாளில் வாடையின் பொருள் யாது என்று கேட்பதை விடுத்து, பாசறையில் விளக்குச் சுடர் எத்திசை சாய்ந்தது, ஏன் சாய்ந்தது என்று கேட்டாற் பருத்தித்துறைப் பிள்ளையொன்று குறிப்புரையைப் புரட்டாமலே விடை எழுதிவிடும்.